கைராசி

பழைய இரும்புக் கடையில் கிடந்த காடுமேட்டில் ஓட்டும் டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக்கை அவர் வீட்டுக்குத் தள்ளி வந்தபோது, மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"குழாய்க்கு ஒரு வாஷர் மாத்த வராது. இதுல இன்ஜினைப் பிரிக்கப் போறீங்களாக்கும்?"

"உனக்கென்ன தெரியும்? அந்தக் காலத்து வண்டிடி இது. இந்தக் கம்பெனியோட நாலு மாடலுக்கும் இன்ஜின் சாமான் ஒண்ணுதான். எதைக் கழட்டி எதுல போட்டாலும் பொருந்தும்."

தினமும் ஆபீஸ் விட்டு வந்ததும் பின்கட்டில் உட்கார்ந்துவிடுவார். ஒரு நாள் பிஸ்டன், ஒரு நாள் கார்புரேட்டர், ஒரு நாள் கிளட்ச். "எல்லாத்துக்கும் கைராசி வேணும்" என்று கிரீஸ் கையாலேயே மீசையை முறுக்குவார்.

மூன்றாவது மாதம், முதல் உதையிலேயே வண்டி உறுமியது. தெருவே கைதட்டியது.

மறுநாள் மத்தியானமே வீடு திரும்பினார்.

"வேலையை விட்டுட்டேன். இனிமே பழைய வண்டி ரிப்பேர்தான் நம்ம தொழில். இப்பவே ஏழு வண்டி வருது!"

அவள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தெருமுனை மெக்கானிக்குக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, மோசம் போயிட்டேன். அவர் மனசு ஒடிஞ்சிடக் கூடாதேன்னுதான், அவர் தப்பா மாட்டினதையெல்லாம் மறுநாள் ஆபீஸ் போனப்புறம் உங்களை வரவழைச்சு சரி பண்ண வெச்சேன். இப்ப என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன். வேலையையே விட்டுட்டு வந்து நிக்கிறாரு!"

"தெரியும்மா. காலையிலேயே கடைக்கு வந்தாரு. என்னை அவருக்கு உதவியாளா வரச் சொன்னாரு. தொழில் கத்துக் கொடுக்கிறாராம்."