புல்வெட்டுப் போட்டியில் அண்ணி

“இறங்குங்க. இந்த வருஷம் நான்தான் ஓட்டப் போறேன்.”

மைதானமே திரும்பிப் பார்த்தது.

டிராக்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்ட மெக்கானிக், எதிரே வந்து நின்ற மனைவியைப் பார்த்தார். எஞ்சின் மூடியை உள்ளங்கையால் தட்டிக்கொடுத்துவிட்டு இறங்கினார். எல்லைக் கயிற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டார்.

அண்ணன் ஓட்டுவதைப் பார்க்கத்தான் மெக்கானிக்கின் தங்கை வெளியூரிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து, நேராக மைதானத்துக்கே வந்திருந்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன அண்ணி இது? நாலு வருஷமா ஜெயிச்ச மனுஷனை இத்தனை பேர் முன்னாடி இறக்கிவிடறீங்களே!”

“அப்புறம் பேசலாம்மா. பேர் கொடுத்தாச்சு” என்று சொல்லிவிட்டு அண்ணி ஏறி உட்கார்ந்தாள்.

பழைய டிராக்டர்களுக்கான புல்வெட்டுப் போட்டி அது. ஐம்பது வயசுக்குக் குறைந்த வண்டிக்கு இடமில்லை. ஆளுக்கு ஒரு நீளப் பட்டை, முழங்கால் உயரப் புல். முதலில் முடிப்பவருக்குக் கோப்பை. வெட்டாமல் விட்ட ஒவ்வொரு திட்டுக்கும் அரை நிமிஷம் கூடிவிடும்.

விசில்!

பக்கத்துப் பட்டையில் பேக்கரிக்காரர். எடுத்த எடுப்பிலேயே மூணாவது கியர். வண்டி பாய்ந்தது.

அண்ணி ரெண்டாவது கியரில் கிளம்பினாள். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, எஞ்சின் ஒரே சீராக இரையத் தொடங்கியதும் கையை எடுத்தாள்.

“சத்தம் காதைப் பிளக்குது, வண்டி என்னடான்னா நத்தை மாதிரி போகுதே!” என்று சிரித்தார், தங்கை பக்கத்தில் நின்ற தபால்காரர்.

கோபத்திலும் தங்கையால் சும்மா இருக்க முடியவில்லை. “அப்படித்தாங்க வெட்டணும். வண்டி நகர்ற வேகம் கியர்ல இருக்கு. பின்னாடி மாட்டின பிளேடு சுத்தற வேகம் எஞ்சின்ல இருக்கு. பிளேடு பறக்கணும், வண்டி நிதானமாப் போகணும்.”

“மீட்டர் பார்த்து ஏத்துவாங்களோ?”

“அதுல முள்ளு செத்துப் பல வருஷமாச்சு. எல்லாம் சத்தத்தை வச்சுத்தான்.”

ஒலிபெருக்கி அலறியது. “பேக்கரி முந்துது! பேக்கரி முந்துது!”

முந்தத்தான் செய்தார். ஆனால் அவருக்குப் பின்னால் அங்கங்கே திட்டுத் திட்டாகப் புல் தலை நிமிர்ந்து நின்றது. அரைகுறையாகச் சவரம் செய்த தாடை மாதிரி.

பட்டையின் கடைசிப் பகுதி பள்ளம். தண்ணீர் தேங்கி, புல் அங்கே இடுப்பு உயரத்துக்கு மண்டிக் கிடந்தது. அண்ணியின் டிராக்டர் அதை நெருங்கும்போதே புகை கறுத்தது. கயிற்றோரம் நின்ற மெக்கானிக் ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினார்.

‘பாவம், எவ்வளவு கோபம் அண்ணனுக்கு’ என்று நினைத்துக்கொண்டாள் தங்கை.

பள்ளத்துக்கு நாலடி முன்னால் அண்ணி வண்டியை நிறுத்திவிட்டாள்.

“ஐயோ!” என்றது கூட்டம்.

“ஏன் நிறுத்தறாங்க?” தபால்காரர் பரபரத்தார்.

“கியர் மாத்தணும். இந்தக் காலத்து வண்டியில்லீங்க இது. கிளட்சை மிதிச்சா பிளேடும் சேர்ந்து நின்னுடும். புல்லுக்கு நடுவுல நின்னா சுத்திக்கிட்டு விடவே விடாது. வெளியிலயே மாத்திட்டுத்தான் உள்ள போகணும்.”

முன்னால் போய்விட்ட பேக்கரிக்காரர் நின்று யோசிக்கவே இல்லை. மூணாவது கியரிலேயே பள்ளத்துக்குள் புகுந்திருந்தார். எஞ்சின் திணறியது. பதற்றத்தில் கிளட்சை மிதித்தார். பிளேடு நின்றது. பச்சைக் கயிறு திரித்த மாதிரி புல் சுற்றிக்கொண்டது. ஒரு குலுக்கு. வண்டி அணைந்தே போயிற்று.

இங்கே அண்ணி, முதல் கியர். மறுபடியும் த்ராட்டில். அதே சீரான இரைச்சல் வரும்வரை பொறுத்தாள். உள்ளே இறங்கினாள்.

அடி அடியாக நகர்ந்தது வண்டி. புல் பீறிட்டுத் தெறித்தது. எஞ்சின் ஒருமுறை முனகி, மீண்டும் நிமிர்ந்தது.

தங்கைக்குக் கோபமெல்லாம் எங்கே போனதோ! நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினாள். “விடாதீங்க அண்ணி! த்ராட்டிலைக் குறைச்சிடாதீங்க! இன்னும் பத்தடிதான்!”

எட்டு... ஐந்து... இரண்டு...

“முடிச்சுட்டாங்க!” ஒலிபெருக்கிக்காரரின் குரல் கிறீச்சிட்டது. மைதானம் எழுந்து நின்று கை தட்டியது. அண்ணி வந்த வழி நெடுகப் பாய் விரித்த மாதிரி இருந்தது. ஒரு திட்டுகூட இல்லை.

“ஜெயிச்சது சரி” என்றார் தபால்காரர், கை தட்டிக்கொண்டே. “ஆனா புருஷனை அப்படி இறக்கிவிட்டது... ரொம்பத் திமிருங்க.”

தங்கைக்குச் சுரீரென்றது. நாற்காலியிலிருந்து குதித்து, கோப்பையோடு நின்ற அண்ணியிடம் போனாள்.

“கோப்பை உங்களுக்கு. தலைகுனிவு எங்க அண்ணனுக்கு. இப்ப திருப்திதானே?”

அண்ணி முகத்தில் ஒட்டியிருந்த புல்லைத் துடைத்துக்கொண்டாள்.

நாலடி தள்ளி, மெக்கானிக் இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி குனிந்து பிளேடைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா!”

அவர் திரும்பவில்லை.

“அண்ணா, நான் வந்திருக்கேன். என்மேலயும் கோபமா?”

ம்ஹூம்.

“அண்ணா...!”

தூரத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அண்ணி சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் கிசுகிசுப்பாக வந்தது.

“கத்தாதம்மா, எல்லாரும் பார்க்கறாங்க. முன்னாடி போய் நின்னு, உதடு தெரியற மாதிரி பேசு. எட்டு மாசமாச்சு. நான் திமிர் பிடிச்சவள்னு ஊர் பேசிட்டுப் போகட்டும்... மெக்கானிக்குக்குக் காது போச்சுன்னு யாரும் பேச வேணாம்.”