பாதி வழியில் மூச்சு நின்ற லாரி

டிரைவர் தனியாகவே டீ குடித்துவிட்டு வந்து பட்டனை அமுக்கினான். எலெக்ட்ரிக் லாரி மூச்சே விடவில்லை. திரை இருட்டாக இருந்தது. ஹாரனும் ஊமையாகிவிட்டது.

"எண்பது பர்சென்ட் சார்ஜ் இருந்துச்சே!"

"நடிக்காதீங்க," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி. "நான் அம்மா வீட்டுக்குப் போகக்கூடாதுன்னு நீங்களே ஏதோ பண்ணியிருக்கீங்க."

பின்னால் அவளுடைய பீரோவும் தையல் மெஷினும் இருந்தன. மூன்று நாள் சண்டை அவற்றை லாரியில் ஏற்றியிருந்தது.

"சத்தியமா நான் எதையும் தொடலை. வண்டியோட புக்கு எங்க?"

"எனக்கென்ன தெரியும்? வாங்கினதுலேர்ந்து நீங்க அதைப் பிரிச்சதே இல்லையே."

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தபோது, மெக்கானிக் வர இரண்டு மணி நேரமாகும் என்றார்கள். ஜன்னல் கண்ணாடியும் இறங்கவில்லை. வேறு வழியில்லாமல் இருவரும் இறங்கி லாரி நிழலில் உட்கார்ந்தார்கள்.

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நாலு பேர் முன்னாடி உன்னை அப்படித் திட்டினது தப்புதான்."

"இதைச் சொல்ல மூணு நாளா?"

"நீதான் ரூம் கதவைச் சாத்திக்கிட்டியே. சுவர்கிட்டயா சொல்றது?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

மெக்கானிக் வந்து முன்மூடியைத் திறந்தார். "சின்ன பேட்டரியோட ஃப்யூஸையே காணோம் சார். அது இல்லேன்னா மொத்த வண்டியும் படுத்துடும். யாரோ கழட்டியிருக்காங்க."

டிரைவர் மனைவி பக்கம் திரும்பினான். "அம்மா சத்தியமா நான் இல்லைடி!"

"தெரியும்," என்ற அவள் கைப்பைக்குள் கைவிட்டாள். முதலில் வண்டியின் புக்கு வெளியே வந்தது. அதற்குள்ளிருந்து ஃப்யூஸ் வந்தது.

"மாட்டுங்கண்ணே," என்று மெக்கானிக்கிடம் நீட்டினாள். "வண்டி வீட்டுக்குத் திரும்பணும்."