முப்பத்தேழு புள்ளி ஆறு

"முப்பத்தேழு புள்ளி ஆறுன்னு எழுதப் போறீங்களா?"

பக்கத்து நாற்காலியிலிருந்து வந்த கேள்வியில், மருத்துவமனைப் படிவத்தின் மேல் சிஹாருவின் பேனா அப்படியே நின்றது. கையும் களவுமாக அகப்பட்டதில் முகம் சிவந்துபோனது.

மடியில் மூன்று வயது நவோ. வெப்பமானி காட்டியதோ முப்பத்தாறு புள்ளி ஆறு. முப்பத்தேழரையைத் தொட்டால் அன்றைக்கு ஃப்ளூ தடுப்பூசி கிடையாது, நடையைக் கட்ட வேண்டியதுதான். மோரியோகா நகரில் பிள்ளை பெற்ற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது.

"தப்பா நெனைக்காதீங்க" என்றாள் அந்தப் பெண். நாற்பது வயதிருக்கும். நனைந்த கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "நானும் அப்படி எழுதினவதான். முப்பத்தேழு புள்ளி எட்டு."

சிஹாருவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இவளுக்கு முட்டை ஒத்துக்காதுங்க. போன வருஷம் ஒரே ஒரு வாய் முட்டை போட்ட கஸ்தெரா கேக் தின்னுட்டு, உதடெல்லாம் வீங்கி, மூச்சுவிட முடியாம... ஆம்புலன்ஸ்ல என் விரலை விடவே இல்ல. இந்த ஊசி மருந்தையும் முட்டையில வெச்சுத்தான் வளக்கறாங்களாம்!"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"மருந்துல முட்டை இருக்கறதும் ஒண்ணு, இல்லாததும் ஒண்ணு, தாராளமா போடலாம்னாரு. அவருக்கென்ன, சொல்லிடுவாரு. இதைப் பாருங்க."

கைபேசியை நீட்டினாள். கணவனின் செய்தி: 'காய்ச்சல்னு எழுதிட்டு வந்துடு. எதுக்கு வம்பு?'

அந்தப் பெண் வறட்டுச் சிரிப்புச் சிரித்தாள். "எங்க வீட்டுக்காரரும் அச்சு அசலா இதையேதான் சொன்னாரு. எல்லாரும் ஒரே பள்ளிக்கூடம் போல."

"அப்புறம் என்னாச்சு?"

"இந்த மாசம் இனிமே இடமில்ல, அடுத்த மாசம் கூட்டிட்டு வாங்கன்னு தேதி குறிச்சுக் குடுத்தாங்க. ஊசியிலேர்ந்து தப்பிச்சோம்டான்னு வழியில சுட்ட சக்கரவள்ளிக் கிழங்கு வாங்கி, நானும் பையனுமா ஊதி ஊதித் தின்னோம்."

அவள் பார்வை மூலையில் விளையாடிக்கொண்டிருந்த மஞ்சள் தொப்பிப் பையன் மேல் போய் நின்றது. அவன் மும்முரமாகத் தண்டவாளம் கோத்துக்கொண்டிருந்தான்.

"தைகாவுக்கு ரயில்னா உயிர். அவனுக்கும் முட்டை ஆகாது."

சிஹாருவும் பார்த்தாள். கொழுகொழுவென்று இருந்தான். அடுத்த மாதம் ஊசி போட்டும் இவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே! கொஞ்சம் தைரியம் வந்தது.

"ஊசி போட்டதும் அரை மணி நேரம் இங்கேயே உக்கார வெச்சுப் பாப்பாங்க. டாக்டரும் உள்ளதான் இருப்பாரு. வேணும்னா நானும் கூட இருக்கேன்" என்றாள் அந்தப் பெண். "உள்ளதை எழுதுங்கம்மா."

சிஹாரு முப்பத்தாறு புள்ளி ஆறு என்று எழுதினாள்.

ஊசி குத்தியபோது நவோ போட்ட கூப்பாடு தெருவரை கேட்டிருக்கும். அதன்பிறகு அரை மணி நேரம் இரண்டு பெண்களும் குழந்தையின் உதட்டையே வெறித்துக்கொண்டிருந்தார்கள். சிஹாரு பத்து தடவையாவது நவோவின் சட்டைக் கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ஒரு தடிப்புக்கூட இல்லை. கடைசியில் நவோ அரிசி பிஸ்கட் கேட்டு அடம்பிடித்தாள்.

அந்தப் பெண் நவோவின் கழுத்துத் துண்டைச் சரிசெய்துவிட்டு, குனிந்து வணங்கிவிட்டு, கதவைத் திறந்து பனித்தூறலில் இறங்கி நடந்தாள்.

"ஐயோ, பையனை மறந்துட்டுப் போறாங்களே!" சிஹாரு பதறி எழுந்தாள்.

"அவங்க பையன் இல்லீங்க அது" என்றாள் தாதி சவாகோ. "அவனோட அம்மா உள்ள தம்பிக்கு ஊசி போட்டுட்டிருக்காங்க."

"அப்போ தைகா?"

சவாகோ குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆறு வருஷமாச்சு. வருஷா வருஷம் ஊசி போடற நாள்ல இப்படி வந்து உக்காருவாங்க. அவங்க பொய்யா எழுதின காய்ச்சல் மூணாவது வாரமே அவனுக்கு நெஜமா, ஃப்ளூவா வந்துடுச்சு. நான் குறிச்சுக் குடுத்த தேதிக்கு அவங்க மட்டும்தான் வந்தாங்க."