அரை நொடி

கிட்ட வந்து உட்காருங்க சாமி. களைத்துப்போன ரெண்டு பேரின் கதை ஒன்று இருக்கிறது. உங்கள் காப்பி ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

ரஞ்சிதா ஆறாவது தடவையாக விழுந்தாள்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில் மலையடிவாரம். மனை பிரித்துப் போட்டு, இன்னும் ஒரு வீடுகூட எழும்பாத இறக்கத்துத் தார்ரோடு. இங்கே பனிக்கு எங்கே போவது? காலில் சக்கர ஷூ, வழிநெடுக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆரஞ்சு கோன்கள்.

அடுத்த வாரம் வடக்கே பனிமலையில் தேர்வு. பார்வை இல்லாதவர்களுக்கான பனிச்சறுக்குப் போட்டி. முன்னால் ஒருவர் சறுக்கிக்கொண்டே குரல் கொடுக்க, அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருபவர் வளைய வேண்டும். ரெண்டு வருசம் தவறிவிட்டது. இதுதான் கடைசி வாய்ப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

குரல் அண்ணன் ஜீவானந்தத்தினுடையது. நாமக்கல் லாரி டிரைவர். நாற்பது வயதில் தங்கைக்காகக் காலில் சக்கரம் கட்டியவன். நாக்பூர் லோடை இறக்கிவிட்டு அன்றைக்குக் காலையில்தான் வந்திருந்தான். கண் எரிந்தது. அவனுக்குத் தெரிந்தது லாரி பாஷைதான்.

"வரட்டும், வரட்டும்... ரைட்டு ஒடி!"

ரைட்டு கோன்களை எல்லாம் அழகாகச் சுற்றி வந்தாள். லெஃப்டு வந்தால் மட்டும் கோன் மேலேயே ஏறி விழுந்தாள்.

"உடம்ப உள்ளாற சாய்க்காத அம்முணி. இடுப்பு மட்டும் சாயோணும். நெஞ்சு இறக்கத்தப் பாத்தே இருக்கோணும். பாரமெல்லாம் வெளிக்கால்ல. லோடு ஒருபக்கமா சரிஞ்சா வண்டி நிக்குமா?"

ரஞ்சிதா முட்டியில் ஒட்டிய ஜல்லியைத் தட்டிவிட்டாள்.

"உடம்பு சரியாத்தானுங்ண்ணா இருக்குது. நீங்கதான் கோன் வரதுக்கு முன்னாலயே சொல்லிப்போடறீங்க. லெஃப்டு மட்டும்."

ஜீவானந்தம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

பிறகு ரெண்டு பேரும் மறுபடி மேலே ஏறினார்கள். அவள் கை அவன் தோளில்.

"வரட்டும்... வரட்டும்..."

லெஃப்டு கோன் நெருங்கியது. சொல் தொண்டைவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து அதை நிறுத்தினான்.

அரை நொடி.

ஏழு வருசத்துக்கு முன்னால் ஓர் இறக்கத்தில், லெஃப்டு வளைவில், அவன் கண் அசந்ததும் அவ்வளவு நேரம்தான். ஸ்டீயரிங்கைத் தாமதமாக ஒடித்தான். முன்கண்ணாடி நொறுங்கி உள்ளே வந்தது. பக்கத்து சீட்டில், காலேஜ் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தவள் இவள்தான்.

"லெஃப்டு ஒடி!"

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கோன் உருளும் சத்தம் வரவில்லை. பின்னால் சக்கரங்களின் இரைச்சல் மட்டும் அறுபடாமல் வந்துகொண்டே இருந்தது.

அந்த வளைவை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அன்றைக்கும்தான்.

உங்கள் வீட்டிலிருந்து ரோட்டுக்குப் போனவர்கள் எல்லாரும் பொழுதோடு வந்து சேரட்டும் சாமி. வந்தவர்களுக்குச் சோறு சூடாக இருக்கட்டும்.