பதினோராம் தெரு

"நீங்க அந்தப் பக்கம் போனீங்க, இந்தப் பக்கம் அது மறுபடியும் படுத்துடுச்சும்மா" என்றார் மேனேஜர் ராமச்சந்திரன், ஆஷ்லின் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள்.

நீடாமங்கலம் சாலையில் இருந்த அந்த அரிசி ஆலைக்கு ஒரே வாரத்தில் அவள் வருவது இது மூன்றாவது முறை. எடைமேடையில் லாரி ஏறினால் அதன் எடை ஆபீஸ் கம்ப்யூட்டரில் தெரிய வேண்டும். நடுவில் நின்று அதை வாங்கி அனுப்பும் சின்னப் பெட்டிக்குத்தான் கேட்வே என்று பெயர். அது அனுப்பவில்லை. நெல் ஏற்றி வந்த லாரிகள் வாசல்வரை நின்றன. டிரைவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள்.

"நாலாவது தடவையும் அந்த மில்லுல இருந்து போன் வந்துச்சுன்னா, நீ அங்கேயே நெல்லு காயவைக்கப் போயிடு" என்று காலையில் தஞ்சாவூரிலிருந்து கிளம்பும்போது சர்வீஸ் கம்பெனி பாஸ் ஜெரால்ட் சார் சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அவளுடைய வேலையை நிரந்தரம் ஆக்குவதும் ஆக்காததும் அவர் கையில் இருந்ததால் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்துப் பார்த்தாள்.

"சார், இங்க பாருங்க. நான் வெச்சுட்டுப் போன முகவரி 192.168.10.100. இப்போ பத்து பதினொண்ணா இருக்கு, நூறு நூத்தியொண்ணா இருக்கு."

"தானா மாறியிருக்குமோ?"

"தானா மாறக் கூடாதுன்னுதான் சார் ஸ்டாட்டிக் ஐபி கொடுக்கறோம். யாராவது உக்காந்து மாத்தினாத்தான் உண்டு."

"ஒண்ணே ஒண்ணு கூடினா என்ன குடி முழுகிடப் போகுது?"

"முதல் மூணு நம்பர் தெரு மாதிரி சார். கடைசி நம்பர் கதவு நம்பர். ஒரே தெருவுல இருக்கறவங்கதான் நேரா பேசிக்கலாம்னு சப்நெட்னு ஒரு செட்டிங்ல சொல்லி வெச்சிருக்கோம். எடைமேடையும் கம்ப்யூட்டரும் பத்தாம் தெருவுல குடியிருக்கு. இவர் மட்டும் சாமான்செட்டோட பதினோராம் தெருவுக்குப் போயிட்டார்."

ராமச்சந்திரன் சிரித்தார். ஆஷ்லின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து பதினொன்று. நூறு நூற்றியொன்று. போன முறையும் இதே மாற்றம்தான். அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

"சார், இது மொய் எழுதற பழக்கம். பூஜ்யத்துல முடியக் கூடாதுன்னு யாரோ ஒண்ணு சேர்த்திருக்காங்க. எங்க அம்மாகூட சர்ச் கல்யாணத்துக்கு நூத்தியொண்ணுதான் கவர்ல போடுவாங்க."

ராமச்சந்திரன் தன் கறுப்புச் சட்டையின் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"பாஸ்வேர்ட் தெரிஞ்சது ரெண்டே பேருக்குத்தான். நானும் முதலாளியும். முதலாளி லாரி வாங்கினா நம்பரைக் கூட்டிப் பார்த்துட்டுத்தான் சாவியைத் தொடுவார். ராகு காலத்துல தும்மல் வந்தா அடக்கிக்குவார். இந்தப் பைத்தியக்காரத்தனம் வேண்டாம்னு முப்பது வருஷமா சொல்றேன். என் தொண்டை போனதுதான் மிச்சம்."

"இப்போ நான் என்ன சார் பண்றது?"

"நேரா சொல்லிடுங்க. கடிக்க மாட்டார்."

அவள் பழைய எண்களைப் போட்டுச் சேமித்தாள். வெளியே எடைமேடையில் நின்றிருந்த லாரியின் எடை திரையில் வந்து விழுந்தது. யாரோ விசில் அடித்தார்கள். சத்தம் கேட்டு முதலாளி துரைக்கண்ணு உள்ளே வந்தார். நெற்றி நிறைய விபூதி, நடுவில் குங்குமம். அந்த நெற்றியைப் பார்த்ததும் ஆஷ்லினுக்கு மிச்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது.

"ஐயா, தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்தாள். "பூஜ்யத்துல முடியுதேன்னு உங்களுக்குச் சங்கடமா இருக்கலாம். ஆனா இந்த நம்பரை மாத்தினா மெஷினுங்க ஒண்ணையொண்ணு தேடிட்டு நிக்கும். லாரியும் நிக்கும். இன்னொரு தடவை கம்ப்ளெயின்ட் வந்தா எனக்கு வேலையே போயிடும் ஐயா. தயவுபண்ணி யாரும் இதைத் தொடாதீங்க."

துரைக்கண்ணு அவளைப் பார்த்தார். பிறகு ராமச்சந்திரனைப் பார்த்தார். ராமச்சந்திரன் ஓடாத மின்விசிறியை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"சரிம்மா" என்றார் துரைக்கண்ணு. "என் கை இனிமே அது மேல படாது. போதுமா? டீ சாப்பிட்டுட்டுப் போ."

உதட்டை மடித்துக்கொண்டு அவர் வேகமாக வெளியே போனார். ஆஷ்லினுக்குப் பாவமாக இருந்தது. பெரிய மனிதரைக் கொஞ்சம் அதிகமாகச் சொல்லிவிட்டோமோ?

ஸ்கூட்டர் வரைக்கும் ராமச்சந்திரன் கூடவே வந்தார். உமி பறந்து அவருடைய கறுப்புச் சட்டையில் ஒட்டிக்கொண்டே வந்தது.

"நாளைக்கு யாரும் மாத்திட மாட்டாங்கல்ல சார்?"

அவர் சட்டையில் ஒட்டியிருந்த உமியைத் தட்டிவிட்டார். அவள் ஹெல்மெட்டை மாட்டி, சாவியைத் திருகப் போன நேரத்தில் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, எடைமேடை, கம்ப்யூட்டர் எல்லாத்தையும் மொத்தமா பதினோராம் தெருவுக்கே குடிவெச்சுட முடியாதா? பெட்டிக்கு நூத்தியொண்ணு போட்டுக்கலாம்."

"தாராளமா முடியும். ஆனா அதுக்கு என்ன அவசியம் சார்? முதலாளிதான் இனிமே தொட மாட்டேன்னு சொல்லிட்டாரே."

ராமச்சந்திரன் ஆபீஸ் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலை இன்னும் தாழ்த்தினார்.

"அவர் தொட மாட்டார்மா. எனக்குத்தான் பூஜ்யத்தைப் பார்த்தா கை சும்மா இருக்க மாட்டேங்குது."