நாற்பத்தோராம் பக்கம்

புவியியல் நூலகத்தில் மட்கிக் கிடந்த பழைய பிரசுரங்களையும் வியாபாரிகளின் விலைப்பட்டியல்களையும் பிரித்துப் பதிவு செய்யும் வேலை பூங்கோதைக்கு. அன்று அவள் கையில் இருந்தது நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய ஒரு பட்டியல். பூகோள உருண்டைகள், தேசப்படங்கள் என்று போய்க்கொண்டிருந்த அதில், நாற்பத்தோராம் பக்கத்தில், பாறைத் துண்டுகளுக்கு அடுத்தபடியாக இப்படி வந்தது: ‘மலைச் சிறுமியின் மண்டையோடு. பால்பற்கள் உட்பட. புதைகுழி புதியது. எலும்பு காய இரண்டு மாத அவகாசம் வேண்டும்.’

அவள் பக்கத்தைத் தொட்ட விரல்களைப் புடவையில் துடைத்தாள். துடைத்தும் போகாதது போலிருந்தது.

நூலகர் ஞானசிகாமணி பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். “அட, பிரமாதம்! கண்காட்சிக்கு இதையே பெருசா பிரிண்ட் போட்டு வைங்கம்மா. ஜனங்க நின்னு பாப்பாங்க.”

“ஒரு குழந்தையோட தலை சார் இது.”

“எந்தக் காலத்துக் கதை! வித்தவனும் இப்ப இல்ல, வாங்குனவனும் இல்ல.”

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் மறுபடி குனிந்தாள். பக்கத்தின் ஓரத்தில் மங்கிய பென்சில் எழுத்து இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து வாசித்தாள். ‘நல்ல நிலையில் வந்து சேர்ந்தது. நம் நூலகம், அலமாரி ஏழு.’

“ஏழாம் நம்பர் அலமாரி சாவி யாருகிட்ட சார் இருக்கு?”

ஞானசிகாமணி மெல்லுவதை நிறுத்தினார். “என்கிட்டதான். ஆனா நான் வந்த நாள்லேர்ந்து அதைத் திறந்ததே இல்லம்மா.”

பூங்கோதை எழுந்து, அவர் முன்னால் போய்க் கையை நீட்டினாள்.