வாய் பார்த்தவள்

ஆளைப் பார்த்தே மனசைப் படித்துவிடலாம் என்பது அக்காவின் நினைப்பு. அதனால்தான், லிப்டில் தினமும் பார்த்து மனத்தைப் பறிகொடுத்த பெண்ணைக் காபி குடிக்க அழைத்த தம்பி, அக்காவைப் பக்கத்து மேஜையில் உட்கார வைத்திருந்தான். அந்தப் பெண் கிளம்பியதும் ஓடி வந்தான்.

“என்னக்கா, அவளுக்கு என்னைப் பிடிச்சிருக்கா?”

“அசடு, நீ சிரிக்கிறப்பல்லாம் முன்னால சாஞ்சா. கண் கொட்டாம உன் வாயையே பார்த்துட்டிருந்தா. இதுக்கு மேல என்னடா வேணும்? மண்டபம் பார்த்துடலாம்.”

“திங்கக்கிழமை அவ இடத்துக்கு வரச் சொல்லியிருக்கா.”

“பார்த்தியா, அவளே கூப்பிடறா. எதுக்காம்?”

தம்பி கன்னத்தைத் தடவிக்கொண்டான்.

“மேல்மாடி பல் ஆஸ்பத்திரியில அவதான் டாக்டராம். என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கணுமாம். வலிக்காம பார்த்துக்கறேன்னு சிரிச்சா. அந்தச் சிரிப்புக்கு என்னக்கா அர்த்தம்?”